மன்றம் நம்முடையது, அலுவலர் யாருடையவர்?

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி நம் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. அதே ஆண்டில் ஆத்தூர் வெற்றிலைக்கும் அப்பெருமை வாய்த்தது. பொருளுக்குப் பெயர் வந்துவிட்டது, மெத்த மகிழ்ச்சி. ஆனால் அப்பொருளை விற்கும் சந்தையும், அதனை ஏற்றிச் செல்லும் வண்டி ஓடும் வீதியும், பதநீர் காய்ச்சுகிற வீட்டுக்கு வரும் குடிநீரும், மழை பெய்தால் நீர் வடிய வேண்டிய வாய்க்காலும் பேரூராட்சியின் பொறுப்பில் இருப்பவை. கைத்தறிக்காரருக்கும் இதே நிலைதான். தறிக்குழியில் நீர் ஊறினால் முதலில் பாழாவது பாவு. அடுத்துப் பாழாவது அந்த வாரக் கூலி. ஆகவே ஊர்மன்றம் எவ்வாறு அமைந்திருக்கிறது, அதன் தீர்மானங்களை நிறைவேற்றுகிறவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்னும் வினாக்களை அரசியல்வாதிகளின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுதல் தகாது.

உடன்குடி வட்டாரம் இவ்விஷயத்தில் ஒரு பாடசாலை போன்றது. மூன்று வகை உள்ளாட்சி அமைப்புகளை ஒரு நாழிகை நடைத் தூரத்துக்குள் இங்கே காணலாம். உடன்குடி பேரூராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் உண்டு. ஆனால் நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் செயல் அலுவலரிடம் இருக்கிறது. உடன்குடி ஊராட்சி ஒன்றியத்திலோ தேர்ந்தெடுக்கப்படும் குழுவும் பெருந்தலைவரும் ஒருபுறம், ஆணையராகிய வட்டார வளர்ச்சி அலுவலர் மறுபுறம். சற்றே கடற்கரைப் பக்கம் சென்றால் குலசேகரன்பட்டினம் போன்ற சிற்றூராட்சிகள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே நிர்வாக அதிகாரியும் ஆவார். பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. அடுத்தடுத்த ஊர்களில், ஒரே வகை மக்களுக்கு, சிற்றூரில் தலைவரை நம்பிய சட்டம் பேரூரில் தலைவரை நம்பவில்லை. இஃது ஏன்?

விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-இல் சென்னை ராஜதானியில் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் ஜில்லா நகரசபைச் சட்டமும் நிறைவேறின. 1920-இல் அவை புதிய சட்டங்களாக உருப்பெற்றன. அந்நாள்களில் நகரசபைத் தலைவர் வெறும் கூட்டத் தலைவர் அல்லர். நிர்வாகம் முழுதும் அவர் கையில் இருந்தது. வரி விதிப்பு, சிப்பந்தி நியமனம், குத்தகை, கண்டிராக்டு யாவற்றுக்கும் அவரே பொறுப்பாளர்.

அம்முறையால் விளைந்த நன்மைக்கு நம் ஜில்லாவிலேயே சான்று உண்டு. தூத்துக்குடி நகரசபை 1866-இல் ஏற்பட்டது. 1909-ஆம் ஆண்டு தொடங்கிப் பலமுறை அதன் தலைவராக விளங்கியவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. அந்நகர மக்கள் குடிநீருக்குப் பட்ட துயரம் பழையோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடம்பூரிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவந்து மக்களுக்கு வழங்கியவர் அவர். அதனோடு நில்லாது, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவர முயன்று முடித்தார். ஒரு தலைவருக்கு ஊரின் தேவையும் தெரிந்து, ஆணையிடும் அதிகாரமும் கையில் இருந்தால் எத்தகைய காரியம் கைகூடும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

ஆயினும் எல்லா ஊருக்கும் ஒரு குரூஸ் பர்னாந்து கிடைப்பாரா? மற்றப் பல நகரசபைகளில் வரி பாக்கி குவிந்தது. தமக்கு வாக்களித்தவர் வீட்டுக்கு ஒரு மதிப்பும் அளிக்காதவர் வீட்டுக்கு வேறொரு மதிப்பும் இடப்படுவதாகக் குறை எழுந்தது. வேலையும் கண்டிராக்டும் கட்சிக்காரருக்கே என்ற பேச்சும் வலுத்தது. அதன் விளைவாக 1933-இல் சட்டம் திருத்தப்பட்டு, நகரசபைகளுக்குச் சர்க்கார் நியமிக்கும் கமிஷனர் நிர்வாக அதிகாரியானார். தலைவர் மன்றத்தின் தலைவராக மட்டும் எஞ்சினார். இதே பிரிவினை பம்பாயில் 1888-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வேரூன்றியிருந்தது. பின்னர், 1958-ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் ஐயாயிரத்துக்குக் குறையாத ஜனத்தொகையும் பதினாயிரம் ரூபாய்க்குக் குறையாத ஆண்டு வருமானமும் உள்ள ஊர்களை டவுன் பஞ்சாயத்து என வகுத்தது. அங்கும் நிர்வாக அதிகாரி என்ற பெயரில் அலுவலர் வந்து அமர்ந்தார். 1981-இல் பேரூராட்சிகளுக்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. அன்று முதல் அலுவலரின் மேலிடம் அதுவே.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2004-இல் தமிழகத்தின் 561 பேரூராட்சிகள் ஒரே உத்தரவில் சிறப்புச் சிற்றூராட்சிகள் ஆயின. ஊரகத் திட்டங்களின் நிதி வரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2006-இல் மீண்டும் அவை பேரூராட்சிகளாயின. ஊர் வளர்ந்ததும் இல்லை, தேய்ந்ததும் இல்லை; பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு இரண்டு முறை கூலி கிடைத்தது. தலைவர் தேர்தலின் கதையும் இப்படியே. 1996-லும் 2001-லும் மக்களே நேரில் தேர்ந்தெடுத்தனர்; 2006-இல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர்; 2011-இல் மீண்டும் மக்கள்; 2022-இல் மீண்டும் உறுப்பினர்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழியில் இத்தனை மாற்றம் செய்தவர்கள், தலைவருக்கும் அலுவலருக்கும் உள்ள உறவில் கை வைக்கவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

தேர்ந்தெடுத்த சபை கொள்கையை வகுக்கட்டும், பயிற்சி பெற்ற அலுவலர் அதனை நிறைவேற்றட்டும் என்னும் கருத்து நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்துச் ஸ்டான்டன் என்னும் சிற்றூர் 1908-இல் ஒரு மேலாளரை அமர்த்தியது. ஆனால் அம்முறைக்கு உலகப் புகழ் வந்தது ஒஹையோவின் டேட்டன் நகரத்தால். 1913 மார்ச்சு மாதம் அங்கே ஆற்றில் பெருவெள்ளம் வந்து முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழைய நிர்வாகம் கையற்று நின்றதைக் கண்ட மக்கள் அவ்வாண்டிலேயே புதிய சாசனத்துக்கு வாக்களித்தனர். 1914 ஜனவரி முதல் ஐவர் அடங்கிய சபை ஒன்றும், அச்சபை அமர்த்திய மேலாளர் ஒருவருமாக நகர நிர்வாகம் நடைபெறலாயிற்று.

வெள்ளம் என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது 2023 டிசம்பர். அம்மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் வண்டி பயணிகளோடு நின்றுவிட்டது. அத்தகைய இரவில் ஊரார் முதலில் கதவைத் தட்டுவது வார்டு உறுப்பினர் வீட்டை. வாடகைக்கு நீரிறைக்கும் எந்திரம் எடுக்க வேண்டுமானால் செலவுக்கு உத்தரவிட வேண்டியவரோ செயல் அலுவலர். அவர் அவ்வூரில் குடியிருப்பவரா, அடுத்த பேரூராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறவரா, இடமாற்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படும் நாளை எண்ணுகிறவரா என்பதைப் பொறுத்து அந்த இரவின் பலாபலன் அமையும். நல்ல அலுவலர்கள் இரவு பகல் பாராது உழைத்ததை மறுப்பாரில்லை. ஊரின் பாதுகாப்பு ஒருவருடைய நற்குணத்தை மட்டும் நம்பி நிற்கலாமா என்பதே நாம் எழுப்பும் வினா.

இங்கேதான் டேட்டனுக்கும் உடன்குடிக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். அங்கே மேலாளரை அமர்த்துவது சபை; திருப்தியில்லையேல் நீக்குவதும் சபை. இங்கே அலுவலரை நியமிப்பதும், மாற்றுவதும், பதவி உயர்த்துவதும், தண்டிப்பதும் அரசு. மன்றம் தீர்மானம் போடலாம். அதனை நிறைவேற்றுவது அவர் கடமை என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் நிறைவேற்றாமல் தாமதித்தால் மன்றம் செய்யக்கூடியது யாது? மற்றொரு தீர்மானம் போடலாம். ஆக, மேலாளர் முறையின் உடலை நாம் எடுத்துக்கொண்டோம், உயிரை விட்டுவிட்டோம்.

கூட்டுறவு அங்கத்தினர்க்கு இதனை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் சங்கத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். மகாசபை நிர்வாக சபையைத் தேர்ந்தெடுக்கிறது. நிர்வாக சபை காரியதரிசியைக் கொண்டு காரியம் நடத்துகிறது. நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, கடன் வசூல் யாவும் காரியதரிசியின் அன்றாட வேலை. அதில் தலைவர் கை வைப்பதில்லை. ஆனால் மாதக் கூட்டத்தில் காரியதரிசி கணக்கைக் கொண்டுவந்து வைத்தே ஆக வேண்டும். நூல் ஏன் தாமதமாயிற்று என்று கடைசி வரிசை உறுப்பினர் கேட்டாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவர் சபையின் சிப்பந்தி. அதே காரியதரிசியை வெளியிலிருந்து இலாகா அனுப்பி, இலாகாவே மாற்றி, இலாகாவுக்கே அவர் அறிக்கை எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாக சபை தேநீர் அருந்திக் கலைகிற சபையாகிவிடும் அல்லவா? நம்மில் வயது முதிர்ந்தவர்கள் தனி அதிகாரிகளின் கீழ்ச் சங்கங்கள் கிடந்த ஆண்டுகளைக் கண்டவர்கள். அக்காலத்தில் கணக்கு ஒழுங்காக இருந்த சங்கமும் உண்டு. ஆனால் அங்கத்தினர் சங்கத்துப் படியேறுவதை மறந்துபோனார்கள்.

மறுபக்க வாதத்தையும் நேர்மையாக எடை போட வேண்டும். சிற்றூர் மன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உறவினர்; அல்லது ஒருவருக்கொருவர் பகைவர். சாதிக் கட்டும் தெருக் கட்டும் இல்லாத ஊர் எது? அலுவலரை நீக்கும் அதிகாரம் மன்றத்துக்கு முழுதும் வந்தால், பெரும்பான்மைத் தெருவுக்குக் குழாய் போடாத அலுவலர் மறுமாதம் வீட்டுக்குப் போவார். சிறுபான்மைத் தெருவுக்கு நியாயம் செய்ய எவரும் துணிய மாட்டார். வரி பாக்கியைக் கண்டிப்பாக வசூலிப்பவருக்கும் அதே கதி நேரும். 1933-இல் கமிஷனர் முறை வந்தது வீணாக அன்று. ஆதலால் அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவதை நான் ஆதரிக்கவில்லை.

நமக்கு அண்மையான உதாரணம் அயர்லாந்து என்பது எனது துணிபு. அந்நாடும் நம்மைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து விடுபட்டது. அங்கும் ஊர்மன்றங்களின் மீது குறைகள் எழுந்தன. கார்க் நகர மன்றம் 1924-இல் கலைக்கப்பட்டு பிலிப் மோனஹன் என்பவர் ஆணையராக அனுப்பப்பட்டார். நம் மொழியில் சொன்னால் தனி அலுவலர். ஐந்தாண்டு கழிந்து 1929-இல் தனிச்சட்டம் இயற்றி, மன்றத்துக்கு மறுபடியும் தேர்தல் நடத்தி, மோனஹனையே மேலாளராக அமர்த்தினார்கள். அச்சட்டத்தில் இரண்டு நுட்பங்கள் உண்டு. மன்றத்துக்கே உரிய அதிகாரங்கள் எவை என்று வரியும் கடனும் துணைவிதிகளும் பெயர் குறித்துப் பிரிக்கப்பட்டன, எஞ்சியவை மேலாளருக்கு. மேலாளரைப் பொறுக்குவது மந்திரியும் அன்று, மன்றமும் அன்று. அரசியல் கலவாத தேர்வாணையம் ஒன்று பொறுக்கித் தரும். பின்னர் மேலாளரின் கை ஓங்கிவிட்டதென்று முறையீடு வரவே, 1955-இல் சட்டத்தைத் திருத்தி, வேலைகளைத் தொடங்குமுன் உறுப்பினர்களுக்கு அறிவிக்க வேண்டுமென்று வைத்தார்கள். லிமெரிக் நகரத்தாரோ இன்னும் ஒரு படி சென்று, 2024-இல் மக்களே நேரில் தேர்ந்தெடுத்த மேயரிடம் நிர்வாக அதிகாரத்தின் பெரும்பகுதியை ஒப்படைத்தனர். ஒரு முறையை ஏற்படுத்திவிட்டு அதனைத் தொழுதுகொண்டிராமல், குறை கண்டபோது திருத்திக்கொண்டார்கள்.

இங்கே செய்யக்கூடியது என்ன? செயல் அலுவலர்கள் மாநில அளவிலான பணித்தொகுதியில் இருப்பது நல்லதே. தேர்வும் பயிற்சியும் அங்கே நடக்கட்டும். ஆனால் ஓர் ஊருக்கு அனுப்பும்போது மூவர் பெயரை அனுப்பி, அவர்களுள் ஒருவரை மன்றம் தெரிந்துகொள்ளட்டும். வந்தவரை மூன்றாண்டுக்குள் மாற்றுவதாயின் மன்றத்தின் சம்மதம் வேண்டும். மன்றமே மாற்றக் கோருவதாயின் மூன்றில் இரு பங்கு உறுப்பினர் ஆதரவும் எழுத்து மூலமான காரணமும் வேண்டும். ஆண்டுதோறும் அவரது பணியைப் பற்றி மன்றம் எழுதும் குறிப்பு அவருடைய பதவி உயர்வுக்குப் பார்க்கப்பட வேண்டும். இதற்குப் பெரிய சட்டப் புரட்சி தேவையில்லை. 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு நெடுநாள் உறங்கிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. விதிகளில் சில வரிகளைச் சேர்த்தால் இவற்றுள் பெரும்பகுதி நிறைவேறும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. அதனைச் சொல்வோர் குறைவு. சிற்றூராட்சியில் கிராம சபை இருக்கிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்களில் கூடிவந்தது. 2022-இல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்தன. வாக்காளர் எவரும் எழுந்து வரவு செலவு கேட்கலாம். அதுவே நம் மகாசபை. பேரூராட்சியில் வாழ்கிற நமக்கு அவ்வாறு ஊர் முழுதும் கூடும் சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்குப் பகுதி சபை என்று 2022-இல் விதி வகுத்தார்கள். அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி அது தொடங்கியது. தொடங்கியதை வரவேற்கிறோம். ஆனால் பகுதி பகுதியாக அமர்ந்து தெருவிளக்கு கேட்பது வேறு. ஊர் ஒன்றாக அமர்ந்து ஐந்தொகை பார்ப்பது வேறு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் செயல் அலுவலர் ஊரார் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையைப் படித்து, எழுகிற வினாக்களுக்கு நேரில் விடை சொல்லும் ஏற்பாடு வேண்டும். தணிக்கை அறிக்கையை மகாசபையில் வாசிக்காமல் எந்தக் கூட்டுறவுச் சங்கமாவது தப்ப முடியுமா?

மன்ற உறுப்பினர்களின் தகுதியைப் பற்றிச் சிலர் இகழ்ச்சியாகப் பேசுகிறார்கள். 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாதி இடங்கள் பெண்களுக்கு என்றாகி, 2022 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. புதிதாக வந்தவர்களுக்கு வரவு செலவுத் திட்டம் படிக்கத் தெரியாது, அலுவலர் நீட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறார்கள் என்பது அப்பேச்சு. படிக்கக் கற்றுக்கொடுக்காமல் படிக்கத் தெரியவில்லை என்பது என்ன நியாயம்? சங்க நிர்வாகிகளுக்குக் கூட்டுறவுக் கல்வி அளிப்பதுபோல் மன்ற உறுப்பினர்க்கும் பதவியேற்ற முதல் ஆண்டிலேயே கணக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். பாவுக்கும் ஊடைக்கும் இழைக் கணக்கை மனத்திலேயே போடும் பெண்களுக்கு இது பெரிய வித்தையன்று.

மன்றமே இல்லாத காலத்தின் கொடுமையையும் மறக்கலாகாது. 2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் பேரூராட்சிகளுக்கும் ஏனைய நகரங்களுக்கும் நடைபெற்றது. காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டுமென்பது 74-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் ஏறிய விதி. அவ்விதி இருந்தும் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே மன்றமாகவும், நிர்வாகமாகவும், இரண்டுமாகவும் விளங்கினர். முறைப்படி அமைந்த மன்றங்களுக்கே மானியம் என்று 14-ஆவது நிதிக்குழு விதித்திருந்தமையால், மத்திய மானியமும் அக்காலத்தில் தடைப்பட்டது. நம் ஜில்லாச் சிற்றூராட்சிகளிலும், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தனர். மேலாளர் முறை என்பது சபை இருந்தால் மட்டுமே முறை. சபை இல்லாத மேலாளருக்கு வேறு பெயர்.

உடன்குடிக்கு இவ்விஷயத்தில் அவசரம் இருக்கிறது. ஒருபுறம் கல்லாமொழிக் கடற்கரையில் 1320 மெகாவாட் அனல்மின் நிலையத் திட்டம். மறுபுறம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம். இவ்விரண்டாலும் வெளியூரார் வருவர், வீட்டு வாடகையும் மனை விலையும் ஏறும், குப்பை பெருகும், லாரிகள் வீதியை உழும், குடிநீருக்குப் போட்டி உண்டாகும். பனங்காடு மனையாகும் வேகத்தை இப்பொழுதே காண்கிறோம். எந்த மனைப்பிரிவுக்கு இணக்கம் தருவது, எந்தக் குளத்தங்கரையைத் தொடாமல் காப்பது, கருப்பட்டிச் சந்தைக்கு எந்த இடத்தை நிலையாக ஒதுக்குவது என்னும் முடிவுகள் அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கப்படும். ஊரில் நிலைத்து வாழ்கிறவர்களின் சபை அவற்றை ஆய்ந்து முடிவு செய்து, அந்த முடிவுக்குக் கட்டுப்பட்ட அலுவலர் நிறைவேற்ற வேண்டும். இல்லையேல் ஈராண்டில் மாறிச் செல்கிறவரின் மேசையில் அவை முடிவாகிவிடும்.

2022 மார்ச்சு மாதம் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சுத் தொடக்கத்தில் நிறைவுறுவது. வாக்குக் கேட்டு வீடு வருவோரிடம் தெருவிளக்கையும் சாக்கடையையும் கேட்பதோடு, அலுவலரைத் தெரிந்துகொள்ளும் உரிமைக்கும் ஆண்டுக்கொரு ஊர்க்கூட்டத்துக்கும் மன்றத்தின் முதற்கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருவீர்களா என்றும் கேட்கலாம். நம் சங்கத்தின் அடுத்த மகாசபையில் இப்பொருள்மீது ஒரு தீர்மானத்தை முன்மொழிய எண்ணியுள்ளேன். வழிமொழிய விரும்பும் அங்கத்தினர்கள் நிகழ்ச்சிநிரல் அச்சாகுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.